‘பெரிய ற போடு’: வீட்டில் நடக்கும் சொல்வதெழுதுதல் பற்றி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடம் பேசினால் ஒரு பெயர் தவறாமல் வந்துவிடும்: உ.வே.சாமிநாதையர். “அவரு எந்த ஸ்கூலுக்குப் போனாரு? அவங்க அப்பாதானே ஊர் ஊரா கூட்டிக்கிட்டுப் போயி படிக்க வெச்சாரு!” என்பார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டக்காரர்கள் சொன்னால் கொஞ்சம் கூடுதல் பெருமையோடு சொல்வார்கள். அதற்கு நியாயம் உண்டு. பையன் சாமிநாதன் மகாவித்துவானிடம் போய்ச் சேர்வதற்கு முன் தமிழ் படித்ததில் பெரும்பகுதி இந்த இரண்டு மாவட்டத்து மண்ணில்தான் நடந்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், கதாகாலட்சேபம் செய்பவர். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர யார் இருக்கிறார் என்று விசாரித்து விசாரித்துக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்.

ஆனால் அவர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்பது சரியில்லை. உத்தமதானபுரத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். ‘என் சரித்திரம்’ அதைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-இல் அவர் மறையும்வரை வந்த தொடர் அது. நூலானது 1950-இல். வீட்டுக் கல்விக்காரர்கள் அந்தத் திண்ணைப் பகுதியை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். உ.வே.சா.வை மேற்கோள் காட்டிவிட்டு, வீட்டில் அவர்கள் செய்வது வேறொன்று. வெள்ளிக்கிழமை தோறும் பத்து வார்த்தை டிக்டேஷன். தப்பானதை ஒவ்வொன்றும் பத்து தடவை இம்போசிஷன். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவர்கள் பள்ளிக்கூடத்தின் மிகப் பலவீனமான ஒரு பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

திண்ணையில் எழுத்து பின்னால்தான் வந்தது. முதலில் வாய். ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி எல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம். சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பும்போது உபாத்தியாயர் ஆளுக்கு ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புவாராம். ராத்திரி முழுக்க நினைவில் வைத்திருந்து மறுநாள் காலையில் சொல்ல வேண்டும். மணலில் விரலால் எழுதி, பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

அந்த ஓலையில் எழுத்து எப்படி இருந்தது என்பது இங்கே முக்கியம். பெரும்பாலும் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே மாதிரி. காலும் ரகரமும் ஒரே கோடு. படிக்கிறவன்தான் எது எது என்று தீர்மானிக்க வேண்டும். அப்படியென்றால் எழுத்துப்பிழை இல்லாத தமிழ் எங்கே இருந்தது? செய்யுளிலும் இலக்கணத்திலும் இருந்தது. எதுகை தட்டினால் றகரமா ரகரமா என்று தெரிந்துவிடும். காரிகை படித்தவனுக்குக் குறில் நெடில் மாறினால் தளை இடறும். இளம் சாமிநாதனுக்கு நன்னூலும் காரிகையும் சொல்லிக்கொடுத்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, எழுத்துப்பிழைக்கு மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

(குறில் நெடில் சங்கடத்தைத் தீர்க்க முனைந்தவரும் இந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்தான். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர். குறிலுக்குப் புள்ளி வைப்பதுதான் தொல்காப்பிய வழக்கு. ஓலையில் அது விடுபட்டுப்போனதால், நெடிலுக்குக் கீழ்க்காலும் சுழியும் கொடுத்து வேறுபடுத்தும் இன்றைய முறை அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்று ஏழு வயசுப் பிள்ளை ‘எடு’, ‘ஏடு’ இரண்டையும் குழப்பாமல் எழுதுவதில் அவருக்கும் பங்கு உண்டு.)

சரி, பத்து வார்த்தை டிக்டேஷன் எங்கிருந்து வந்தது? ஆங்கில வகுப்பிலிருந்து. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். ஓ-யு-ஜி-எச் என்ற நாலெழுத்து ஒரு வார்த்தையில் ‘ஓ’ என்றும், இன்னொன்றில் ‘ஊ’ என்றும், மற்றொன்றில் ‘அஃப்’ என்றும் ஒலிக்கும் மொழியில் ஒவ்வொரு வார்த்தையும் தனித் தனி வழக்கு. ஒவ்வொன்றாகத்தான் பிடிக்க வேண்டும். தமிழில் நிலைமை நேர்மாறு. கல், அகம், தங்கம் மூன்றிலும் ககரத்தின் ஒலி வேறு. ஆனால் எழுத்து ஒன்றுதான். படிப்பவருக்குத்தான் அங்கே வேலை, எழுதுபவருக்கு இல்லை. தமிழில் எழுதுபவர் தடுமாறும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ல ள ழ, ர ற, ந ன ண, குறில் நெடில், அப்புறம் ஒற்று. இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சிக்கல். எல்லாவற்றுக்கும் காது ஒன்றையே நீதிபதியாக வைப்பதுதான் வீட்டு டிக்டேஷனில் நடக்கும் தவறு.

கரைவெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போய்வந்த பிள்ளைக்கு அம்மா ஒரு வாக்கியம் சொல்கிறார்: ‘கரைவெட்டி ஏரிக்குப் பறவைகள் வந்தன.’ இதில் கரை, ஏரி இரண்டும் இடையின ர. பறவை வல்லின ற. நம் பக்கத்துப் பேச்சில் இந்த இரண்டு ஒலிக்கும் வித்தியாசம் கிடையாது. கன்னியாகுமரிப் பக்கம் சிலர் வாயில் இன்னும் கேட்கலாம், பெரம்பலூரில் கேட்காது. அப்புறம் பிள்ளை எப்படிக் கேட்டு எழுதும்? அம்மாவுக்கும் இது தெரியும். அதனால் ‘பறவை’ வரும்போது நாக்கை மடித்துத் தடித்த ஒரு ‘ற’ போடுகிறார். எந்தத் தமிழரும் சந்தையிலோ வயலிலோ பேசாத ஒலி அது. அப்படியும் பிள்ளை தயங்கினால், “பெரிய ற போடு.” அதோடு பரீட்சை முடிந்தது, விடையும் சொல்லியாயிற்று. சொல்லாமல் விட்டால் பிள்ளை ‘பரவை’ என்று எழுதும். “காது எங்க இருக்கு?” என்று திட்டு விழும். காது சரியாகத்தான் இருக்கிறது. கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க முடியவில்லை. கவனம் போதாது, மந்தம், இன்னும் ஒருபடி மேலே போய் டிஸ்லெக்சியாவா இருக்குமோ என்று பெற்றோர் பயப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே எழுத்துக் குறைபாடு உள்ள பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு முறையான உதவி வேண்டும். ஆனால் பிழைகள் எல்லாம் ர-றவிலும் ள-ழவிலும் மட்டுமே இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சொல்லிக்கொடுக்கும் முறையை. பிள்ளைகளோ வேறொரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: தமிழ் எழுதுவதே கஷ்டம், இங்கிலீஷ்தான் சுலபம். இருபத்தாறு எழுத்துதானே என்று காரணமும் சொல்வார்கள்.

அப்ப ர-றவை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? காதுக்குக் கேட்காத வித்தியாசத்தைப் பிள்ளையின் பேச்சே இன்னொரு இடத்தில் காட்டிக்கொடுக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. ஆறு – ஆத்துல. சோறு – சோத்துல. வயிறு – வயித்துல. கிணறு – கிணத்துல. இப்போது பாருங்கள்: ஊர் – ஊருல. தேர் – தேருல. மோர் – மோருல. எங்கெல்லாம் பேச்சில் ‘த்து’ முளைக்கிறதோ அங்கெல்லாம் எழுத்தில் வல்லின ற. எழுத்தில் ற்ற என்று இருப்பது பேச்சில் த்த ஆகிவிடுவதுதான் காரணம்: காற்று – காத்து, நேற்று – நேத்து. (மரம் – மரத்துல, படம் – படத்துல எல்லாம் மகரம் போய் வரும் அத்துச்சாரியை, அது வேறு கணக்கு.) வினையிலும் இதே வேலை செய்யும். ஏறு – ஏத்து, மாறு – மாத்து, தேறு – தேத்து. மூட்டையை வண்டியில ‘ஏத்த’ முடியும், அதனால் ‘ஏறி’க்கு வல்லினம். ‘ஏரி’யை யாரும் எங்கேயும் ஏத்த முடியாது. இதைச் சொன்னால் எட்டு வயசுப் பிள்ளை சிரிக்கும், மறக்காது. பறவை, அறை, கறி போன்றவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் அவை எண்ணிக்கையில் அவ்வளவு அதிகம் இல்லை.

ல-ளவுக்கும் இப்படி ஒரு கதவு உண்டு. கல் – கற்கள், சொல் – சொற்கள்; முள் – முட்கள். நில் – நின்றான், செல் – சென்றான். கொள் – கொண்டான், ஆள் – ஆண்டான். லகரம் மாறினால் ற, ன பக்கம் போகும். ளகரம் மாறினால் ட, ண பக்கம் போகும். ழகரம் அப்படியே நிற்கும்: வாழ் – வாழ்ந்தான். ழகரம் இரட்டிக்கவும் செய்யாது. ‘பள்ளம்’ என்று அழுத்திக் கேட்டால் அங்கே ழ வர வாய்ப்பே இல்லை. இதெல்லாம் நன்னூலில் இருப்பதுதான், புதிசு இல்லை. கார்குடிக்குப் போய் ஒரு பையன் நன்னூல் கேட்டது எதற்கு என்று கேட்டால், இதற்கும்தான்.

ன-ண-ந பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூணு சுழி, ரெண்டு சுழி என்பதற்குப் பதில் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களைச் சொல்லிக்கொடுத்தால் விதி பெயரிலேயே இருக்கிறது: ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். சொல் முதலில் ந மட்டும்தான். நான் சேர்ப்பது ஒன்றுதான். இந்த விதி தெரிந்த பிள்ளையிடம் ‘நண்டு’, ‘கன்று’, ‘பந்து’ என்று டிக்டேஷன் போடுவது வெட்டிவேலை. விதி தெரியாத பிள்ளையிடம் போடுவது சூதாட்டம்.

இதுவரை சொன்னதை வைத்து டிக்டேஷனே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒற்று மிகும் இடத்துக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் வீட்டில் அது நடக்கும் விதத்தில் அந்த ஒரு பயனும் போய்விடுகிறது.

‘அந்தப் பையன்’, ‘வந்த பையன்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சாதாரணமா, வேகமா. முதலில் பகரம் அழுத்தமாக விழும், இரண்டாவதில் விழாது. ‘எடுத்துப் போ’, ‘வந்து போ’. ‘வரச் சொன்னான்’, ‘வந்த சொல்’. ஒற்று மிகுதல் என்றால் பெரியவர்களே நடுங்குகிறார்கள். நூல் எழுதியவர்கள் மெய்ப்புத் திருத்துபவரை நம்பி விட்டுவிடுகிறார்கள். ஆனால் பேசும்போது பெரும்பாலான இடங்களில் எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறோம். நாலு வயசுப் பிள்ளைகூட ‘எனக்குத் தெரியும்’ என்று தகரத்தை அழுத்தித்தான் சொல்லும். இலக்கணம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கைக்கு இறக்க வேண்டியதுதான் பாக்கி.

இப்போது வழக்கமான டிக்டேஷன் குரலை நினைத்துப் பாருங்கள். “அந்த... எழுதிட்டியா?... பையன்... வீட்டுக்கு... ம்... போனான்.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. நிறுத்திய இடத்தில் ஒற்று செத்துவிட்டது. பிள்ளை ‘அந்த பையன் வீட்டுக்கு போனான்’ என்று எழுதும். சொன்னது அப்படித்தான். பிறகு சிவப்பு மையில் இரண்டு ‘ப்’ சேர்க்கப்படும். எங்கிருந்து வந்தது அந்த ‘ப்’ என்று பிள்ளைக்கு விளங்காது. தனிச்சொல் பட்டியலில் அந்தப் பிரச்சினையே எழாது, ஏனென்றால் தனிச்சொல்லில் புணர்ச்சி இல்லை. ஆக, தமிழுக்கு டிக்டேஷன் எந்த இடத்தில் உண்மையில் உதவுமோ அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, உதவாத இடத்தில் வாரந்தோறும் நடத்துகிறோம்.

வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்லலாம். பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதட்டும். நீளமான வாக்கியம் வேண்டாம், ஐந்தாறு சொல் போதும். பேச்சு வேகத்தில் சொன்னால் எழுத்து நடை கெட்டுப்போகாதா என்று கேட்பார்கள். கெடாது. ‘வேலையக் குடுத்தான்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு ‘வேலையைக் கொடுத்தான்’ என்று எழுதும் பிள்ளைக்கு ‘க்’ எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

வீட்டுக் கல்விக்காரர்களிடையே செல்வாக்குள்ள இன்னொரு பெயர் சார்லட் மேசன். இங்கிலாந்துக்காரர், 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர். ‘ஹோம் எஜுகேஷன்’ என்ற அவருடைய நூல் 1886-இல் வந்தது. அவர் சொன்னது முன்தயாரிப்புள்ள டிக்டேஷன். பத்தியைப் பிள்ளை முதலில் பார்த்துப் படிக்க வேண்டும், சந்தேகமான சொற்களைக் கண்ணில் பதிய வைக்க வேண்டும், அதற்குப் பிறகே சொல்லி எழுத வைக்க வேண்டும். எழுதும்போது தப்பு வந்தால் உடனே அதன்மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டி மறைத்துவிட வேண்டும். தப்பான உருவம் கண்ணில் தங்கக்கூடாது. இதில் நமக்குப் பாதி பயன்படும். தனிச்சொல் இல்லாமல் பத்தியிலிருந்து எழுதுவதும், பரீட்சைக்கு முன் கற்பதும் நல்ல விஷயம். காதுக்குக் கேட்காத பறவை, அறை, கறி வகைச் சொற்களை முன்கூட்டியே கண்ணுக்குக் காட்டிவிடுவதும் சரி.

ஆனால் சொல்லை ஒரு படம்போல மனதில் ஒட்டிக்கொள் என்பது தமிழில் ஓரளவுக்குத்தான் நடக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே உருவத்தில் நிற்கும். தமிழில் ‘கல்’ படம் எடுத்து வைத்தால் அடுத்த வரியில் ‘கற்கள்’ வருகிறது, அதற்கடுத்து ‘கல்லால்’ வருகிறது. படத்தைவிட மாறும் வழி தெரிந்திருப்பதே முக்கியம். மேசனை அப்படியே தமிழுக்கு இறக்கும் பெற்றோர் இந்த வித்தியாசத்தை யோசிப்பதாகத் தெரியவில்லை. பத்து வார்த்தைப் பட்டியலை விட அது எவ்வளவோ மேல் என்பது வேறு விஷயம்.

இம்போசிஷன் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். ‘பறவை’ பத்து தடவை எழுது என்றால் பிள்ளை முதலில் மேலிருந்து கீழே பத்து ‘ப’ போடும், பிறகு பத்து ‘ற’, பிறகு பத்து ‘வை’. பத்தாவது பறவை முடியும்போது அது சொல்லாகவே இருக்காது.

திருத்தும் விதத்தில் ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளை ‘நேத்து காத்து அடிச்சுது’ என்று எழுதினால் அதை எழுத்துப்பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேச்சைப் பேச்சாகவே எழுதியிருக்கிறது, அதுவும் துல்லியமாக. ‘நேற்று காற்று அடித்தது’ என்பது அதே வாக்கியத்தின் எழுத்து நடை என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். ‘நேட்று’ என்றால்தான் பிழை. இந்த இரண்டையும் ஒரே சிவப்பு மையில் வட்டமிடுவதால், தான் வீட்டில் பேசுவதே தப்புத் தமிழ் என்று பிள்ளைக்கு ஒரு எண்ணம் விழுந்துவிடுகிறது.

உ.வே.சா.வுக்கே திரும்புகிறேன். 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகு அவருக்கும் சொல்வதெழுதுதல் இருந்தது. பிள்ளையவர்கள் புராணச் செய்யுட்களை மனத்திலேயே இயற்றிச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஓலையில் எழுதுவார்கள். எழுதுபவருக்கு யாப்பு தெரிந்திருந்ததால் சொல்பவரின் வேகத்துக்கு எழுத்தாணி ஓடியது. எழுதியது உடனே தேவைப்பட்டது. அதுதான் நூலின் முதல் படி. பின்னாளில் சிந்தாமணிக்கும் (1887) பத்துப்பாட்டுக்கும் (1889) ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எப்போதோ யாரோ எழுதிய பிழையோடு அவர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எழுத்துப்பிழை எவ்வளவு தூரம் போய் யாரைத் துன்புறுத்தும் என்று அவரைப்போல் அறிந்தவர் குறைவு.

நம் வீடுகளில் அந்த அளவுக்குச் செய்யுள் சொல்ல ஆள் இல்லை. ஆனால் சொன்னதை எழுத வேண்டிய தேவை இருக்கிறது. எழுதத் தெரியாத தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் கடிதம் எழுதியது கொஞ்ச காலம் முன்புவரை எல்லா ஊரிலும் நடந்ததுதான். இப்போது கடிதம் இல்லை. மளிகைச் சீட்டு இருக்கிறது, சின்ன வெங்காயம் எத்தனை மூட்டை போனது என்ற கணக்கு இருக்கிறது, மக்காச்சோளம் அறுக்க வந்தவர்களின் கூலிக் கணக்கு இருக்கிறது. பாட்டி “மொளகா அரைக் கிலோ, வெல்லம் கால் கிலோ” என்று தன் பாட்டுக்குச் சொல்வார். யாருக்காகவும் நாக்கை மடிக்க மாட்டார். பேத்தி ‘மிளகாய்’ என்று எழுதுவாள். வெல்லத்துக்கு ல-வா ள-வா என்று ஒரு நிமிஷம் யோசிப்பாள். ‘வெள்ளம் கால் கிலோ’ என்று எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். சந்தேகத்தோடு அவள் நிமிர்ந்து “பாட்டி, அரிசிக்கு எந்த ர?” என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லிவிடலாம். அது காதால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் இல்லை.